ஆணி அடித்த கைகள்



கொல்லன் தெருவிலே ஊசி விற்கக்கூடாது என்று நம்முடைய பழமொழி சொல்லும். வல்வெட்டித்துறையில் வந்து நின்று கப்பலைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான். உங்கள் பாட்டன்மார் பாய் விரித்து ஓடிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நான் கப்பலைப் பேச வரவில்லை. அந்தப் பழமொழிக்குள்ளே நிற்கிறானே கொல்லன், அவனைப் பேச வந்திருக்கிறேன். இரும்பையும் பித்தளையையும் பொன்னையும் கையால் அடித்து, இந்தக் கரையோர வாழ்வைப் பிணைத்துத் தந்த மனிதர்களைப் பேச வந்திருக்கிறேன்.

ஆனால், கப்பலில் ஏறாமல் கொல்லனிடம் போக முடியாது. ஏறுவோம்.

1930ஆம் ஆண்டு. இதே கரையிலே, வேப்ப மரத்தால் ஒரு கப்பல் கட்டப்படுகிறது. பெயர் அன்னபூரணி. 89 அடி நீளம். சிறு பாய்ப்படகு ஒன்றிலே உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் இதன்மேல் ஆசைப்பட்டு விலைக்கு வாங்குகிறார். தம் மனைவியின் பெயரை அதற்கு வைக்கிறார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைக் கொண்டு போகிறார்கள். சூயஸ் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, ஜிப்ரால்டர் கடந்து, அத்லாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் போய்ச் சேருகிறார்கள்.

கப்பலின் பெயர் உங்களுக்குத் தெரியும். வாங்கியவர் பெயர் தெரியும். ஓட்டிப்போனவர்களின் பெயர்களை இந்தச் சபையிலே சிலர் மனனமாகவே சொல்வீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பலகைகளைப் பிணைத்து நின்ற இரும்பை அடித்தது யார்?

பாருங்கள், சபை அமைதியாகிவிட்டது. இந்த அமைதியைத்தான் இன்று நான் பேசப்போகிறேன்.

இந்து சமுத்திரத்திலே நெடுங்காலம் ஆணி இல்லாமலே மரக்கலம் கட்டினார்கள். பலகையில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு அப்படித் தைத்த படகுதான். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கரையில் அலை தாண்டி ஆள் ஏற்றி இறக்க அது போதும். ஆனால் பாரம் ஏற்றி, பாய்மரம் நட்டு, பர்மாவுக்கு அரிசிக்குப் போய், திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணத்துப் புகையிலை கொண்டுபோய் இறக்கித் திரும்ப வேண்டிய பெருங்கலத்துக்கு அது போதாது. கப்பலின் விலா எலும்புபோல நிற்கும் வங்குகளோடு பலகை இறுகிப் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு ஆணி வேண்டும். ஒன்றல்ல, நூறல்ல, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

கையால் அடித்த ஆணியைக் கண்டிருக்கிறீர்களா? கடையில் வாங்கும் கம்பி ஆணி உருண்டை. கம்மாலை ஆணி சதுரம். தலைப்பக்கம் தடித்து, நுனிநோக்கிச் சிறுத்து, நாலு முகத்திலும் சுத்தியலின் தழும்போடு இருக்கும். உருண்டை ஆணி நாளடைவில் இளகிவிடும். நாலு மூலையுள்ள ஆணி மரத்தின் நாரைக் கடித்துக்கொண்டு நிற்கும். நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் மடக்கி அடித்துவிட்டால், பிறகு அந்தப் பலகையைக் கழற்றுவதற்கு மரத்தையே பிளக்க வேண்டும்.

பசுமரத்தாணி என்கிறோம். ஆணிவேர் என்கிறோம். ஆணித்தரமாகப் பேசினார் என்கிறோம். பேச்சுக்குப் பேச்சு ஆணியை இழுக்கிறோம். அதை அடித்தவனை ஒருநாளாவது இழுத்திருக்கிறோமா?

நான் வலிகாமம் வடக்குக் கரையோரத்துப் பிள்ளை. மயிலிட்டித் துறைக்குக் கொஞ்சம் மேற்கே எங்கள் வீடு. ஒழுங்கை போய் முடிகிற இடத்தில், கடற்காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கும் மூலையில், ஒரு கம்மாலை இருந்தது. கிடுகால் வேய்ந்த கொட்டில். நெருப்புப் பொறி ஓலையில் தொற்றிவிடும் என்று உலைக்கு மேலே மட்டும் இரண்டு தகரம். புளியமரக் குற்றியில் இறக்கிய பட்டடை. ஒரு தோல் துருத்தி. மூலையில் கல்தொட்டி நிறையத் தண்ணீர். பக்கத்திலே சிரட்டைக்கரிச் சாக்கு. அவ்வளவுதான் அந்தத் தொழிற்சாலை.

காலையிலே அங்கே வருகிறவர்களைப் பாருங்கள். பாளைக்கத்தி தோய்விக்க வந்தவர் ஒருவர். மண்வெட்டிக்கு வாய் வைக்க வந்த தோட்டக்காரர் ஒருவர். மண்டாவின் முள் பாரில் குத்தி வளைந்துவிட்டது என்று வந்த கடற்றொழிலாளி ஒருவர். வள்ளத்து நங்கூரத்தின் நாக்கு ஒடிந்துவிட்டது என்று வந்த தண்டையல் ஒருவர். எங்கள் மண்ணில் கிணறு வெட்டுவது என்றால் சுண்ணாம்புக் கல்லோடு மல்லுக்கட்டுவது. ஆகவே அலவாங்கின் கூரைத் தீட்ட வந்த கிணறுவெட்டி ஒருவர். அலவாங்கு என்ற சொல் போர்த்துக்கேயரோடு வந்த சொல். சொல் கப்பலில் வந்தது, கருவியை எங்கள் கம்மாலை அடித்தது. இவர்களுக்கு நடுவே, சார்வோலை வாருகிற சத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் அம்மம்மா.

கடலையும் தோட்டத்தையும் பனங்காணியையும் ஒரு கூரையின் கீழே கொண்டுவந்து குந்தவைத்த இடம் எங்கள் ஊரில் வேறு எது? சந்தையில் விற்பவன், வாங்குபவன் என்று இரண்டு பக்கம் உண்டு. கம்மாலையில் எல்லோரும் ஒரே பக்கம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று முறிந்திருக்கிறது, ஏதோ ஒன்று மழுங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டால் நான் துருத்தி இழுக்கப் போவேன். ஆசாரியப்பு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒருநாள் பாளைக்கத்தி தோய்க்கிறார். லொறியின் வில்லுத்தகட்டில் வெட்டிய கத்தி. பழுக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கரியை உரைத்துத் துடைத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, நிறத்தைப் பார். முதுகில இருந்து வாய்க்கு ஓடி வருது. வைக்கல் நிறம் வந்த உடன நிப்பாட்ட வேணும். நீலத்துக்கு விட்டியோ, பாளை சீவாது, வாழைத்தண்டுதான் சீவும்."

சொல்லி முடியவில்லை, கத்தி தொட்டிக்குள் போய்விட்டது. ஒரு சீறல். அவ்வளவுதான் அவருடைய வெப்பமானி. பாளையின் நுனியை வேளாவேளைக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி முரண்டினால் பாளை கெட்டுவிடும், கள்ளு நின்றுவிடும், ஒரு வீட்டின் அடுப்பு நின்றுவிடும். பனை உச்சியில் ஒற்றைக் கையால் அந்தக் கத்தியைப் பிடிக்கிறவரின் பிழைப்பு, கீழே ஒருவர் வைக்கல் நிறத்தில் நிப்பாட்டினாரா இல்லையா என்பதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்நாட்டுக் கம்மாலைக்கும் கடற்கரைக் கம்மாலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது கறள். உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது. கதவுப் பிணைச்சல் கறள் கட்டும். நங்கூரம் கறள் கட்டும். வாளிக் கொழுக்கி கறள் கட்டி, ஒருநாள் வாளியோடு கிணற்றில் விழும். ஒருமுறை வாங்கி வைத்துவிட்டு ஆசாரியாரை மறந்துவிட எங்கள் ஊரில் முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும். போனால் பேசித்தான் ஆக வேண்டும். யார் வீட்டில் கல்யாணம், யாருடைய வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை, எந்தத் துறையில் சாளை விழுகிறது, எல்லாம் அங்கேதான் தெரியவரும். கூலியும் அப்படித்தான். மீன் விழுந்த நாளில் ஒரு கோர்வை மீன் வரும். வெங்காயம் கிண்டினால் ஒரு பிடி வெங்காயம் வரும். எழுதிவைத்த கணக்கு ஒன்றையும் நான் கண்டதில்லை.

வண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் போடும் நாளை இங்குள்ள இளைஞர்கள் கண்டிருக்க மாட்டீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அது ஒருவரின் வேலையல்ல, ஊரின் வேலை. தச்சர் சில்லைச் செய்து கொண்டுவந்து நிலத்தில் படுக்க வைத்திருப்பார். கொல்லர் இரும்புப் பட்டத்தை வளைத்து வளையமாக ஒட்டியிருப்பார். அந்த வளையம் சில்லைவிடக் கொஞ்சம் சிறிது. வேண்டுமென்றே சிறிது. பார்த்தால் ஒருபோதும் பொருந்தாது போலத் தோன்றும். வெளியே வெட்டையிலே பொச்சுமட்டையும் காய்ந்த பனைமட்டையும் வட்டமாக அடுக்கி, அதற்குள் வளையத்தை வைத்து நெருப்பு மூட்டுவார்கள். இரும்பு சூடேறி விரியும். ஆசாரியப்பு ஒரு ஈர்க்கை அதில் தொட்டுப் பார்ப்பார். ஈர்க்கு பொசுங்கிப் பற்றும் விதத்திலே அவருக்குப் பதம் தெரியும்.

"பிடியுங்கோ!"

ஒரே சொல்தான். நாலைந்து பேர் நீளக் குறடுகளோடு வளையத்தைத் தூக்கி வருவார்கள். சம்மாட்டியார் வீட்டுப் பையன் ஒரு பக்கம், தோட்டக்காரர் ஒரு பக்கம், தெருவில் போனவர் ஒரு பக்கம். சில்லின்மேல் இறக்கிச் சம்மட்டியால் நாலு அடி. மரம் பற்றிப் புகை எழும்பும். உடனே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றியவுடன் இரும்பு சுருங்கும். சுருங்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள். டக், டக், டக்கென்று ஆரக்கால் ஒவ்வொன்றும் குடத்துக்குள் இறுகிப் போய் உட்காருகிற சத்தம். அதுவரை தனித்தனி மரத்துண்டாகக் கிடந்ததெல்லாம் அந்தக் கணத்திலே ஒரு சில்லாகும். புகைக்குள்ளே தச்சரும் கொல்லரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆணி அடித்தவரை நாம் மறந்தாலும், யாழ்ப்பாணத்தின் நிலத்திலேயே உலோகத் தொழிலாளரின் பெயர் பதிந்து கிடக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் கொல்லங்கலட்டி. கலட்டி என்றால் கல் நிலம். கொல்லன் யாரென்று நான் சொல்ல வேண்டாம். வண்ணார்பண்ணையில் தட்டாதெரு. பட்டணத்தில் கன்னாதிட்டி, கன்னார் என்றால் பித்தளை, வெண்கல வேலைக்காரர். யாழ்ப்பாண அரசர்கள் இடபமும் சேது என்ற எழுத்தும் பொறித்து நாணயம் வெளியிட்டார்கள் என்று பெருமையாகப் படிக்கிறோம். பெருமைப்படுங்கள். அந்த அச்சை வெட்டியதும் ஒரு கைதான்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். தாலி கட்டுவதற்கு முன்னே பொன்னுருக்கல். மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, பொற்கொல்லரை அழைத்து இருத்துகிறோம். அவர் உமிச் சட்டியில் கரி மூட்டி, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுகிறார். சபை முழுக்க அந்தச் சிறு சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பொன் உருகித் திரண்டு, ஒரு துளியாக உருண்டு நிற்கிறது. அதைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள். அன்று தொடக்கம் மணவறை மட்டும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடாது. இரண்டு குடும்பம் ஒன்றாகிறது என்பதை ஐயர் மந்திரத்தால் சொல்வதற்கு முன்னே, பொற்கொல்லர் நெருப்பால் சொல்லிவிடுகிறார்.

இனிமேல் சொல்லப்போவது இனிப்பான பேச்சல்ல. ஆனால் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன்.

மூக்குப்பேணியை நாம் எவ்வளவு கொண்டாடுகிறோம்! வயிறு உருண்டு, கழுத்து சிறுத்து, பக்கத்தில் மூக்கு வைத்த பித்தளைப் பேணி. வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். ஒரு பேணியில் பத்துப்பேர் குடித்தாலும் ஒருவர் எச்சில் மற்றவரிடம் போகாது. அழகான வேலைப்பாடு, அறிவான வேலைப்பாடு. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் தேடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். சரி. அதே வீட்டு முற்றத்தில், வேலி கட்ட வந்தவருக்கு, பனையேற வந்தவருக்கு எதில் தண்ணீர் கொடுத்தோம்? சிரட்டையில் கொடுத்தோம். பேணியைத் தொட அவர்களை விடவில்லை. மூக்குப்பேணியைப் பேசுகிற ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சிரட்டையையும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிடுவதற்காக மனிதர்கள் போராட வேண்டியிருந்த மண் இது. கம்மாலைக் கொட்டிலின் கீழே எல்லோரும் ஒரு வரிசையில் குந்தியிருந்தார்கள் என்று சற்றுமுன் சொன்னேன். அது உண்மை. ஒழுங்கைக்கு வந்ததும் அந்த வரிசை கலைந்து, அவரவர் தங்கள் தங்கள் பழைய இடத்துக்குப் போனார்கள். அதுவும் உண்மை.

இதிலே ஒரு வியப்பைப் பாருங்கள். நல்லூரிலே மூலஸ்தானத்தில் இருப்பது என்ன? வேல். இங்கே பக்கத்தில், தொண்டைமானாற்றுக் கரையில், செல்வச்சந்நிதியிலே நாம் விழுந்து கும்பிடுவது என்ன? வேல். உலையில் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்து, அரத்தால் அராவிக் கூராக்கிய ஒரு பொருளின் வடிவத்தைத்தான் தெய்வமாக நெஞ்சில் வைத்திருக்கிறோம். வேலைக் கும்பிட்ட நாம், வேல் வடித்த கையை எங்கே வைத்தோம்?

பிறகு காலம் மாறியது. காரைநகரிலே நோர்வேயின் உதவியோடு சீநோர் படகுத் தொழிற்சாலை வந்தது. கண்ணாடியிழைப் படகு வந்தது. பைபர் படகுக்கு ஆணி வேண்டாம், வங்கு வேண்டாம், வருடாவருடம் கலப்பற்று வேண்டாம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. எத்தனையோ பேரின் முதுகை அது காப்பாற்றியிருக்கிறது. பழைய மரவள்ளத்தை ஆறேழு பேர் சேர்ந்து மணலில் இழுத்த பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரு துறையில் ஆணி தேவையில்லை என்று ஆனவுடன், அந்தத் துறையின் கொல்லனுக்கு அரை உயிர் போய்விட்டது. அதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மிச்ச அரை உயிரைப் போர் எடுத்தது. 1990 ஜூன் மாதம் மயிலிட்டிக் கரையை விட்டு ஓடினோம். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மா திருவலையைக்கூட எடுக்கவில்லை. ஆசாரியப்பு சம்மட்டியையும் இரண்டு குறட்டையும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பட்டடையை என்ன செய்வது? அதைத் தூக்க மூன்று பேர் வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சீமெந்து இல்லை, இரும்பு இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. அப்போது மறுபடியும் நாம் கைவேலைக்காரரிடம்தான் போய் நின்றோம். ஜாம் போத்தல் விளக்கை மறக்க முடியுமா? போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், திரிக்கு ஒரு சின்ன உலோகக் குழாய். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் போனது. பழைய தகரத்துக்கும் முறிந்த சைக்கிளுக்கும் புது உயிர் கொடுத்த அந்தக் கைகளுக்கு எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆசாரியப்பு அகதிக் கொட்டிலின் பின்புறம், ஒரு தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பாமலே அவர் கண்ணை மூடினார்.

2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறையை விட்டது. 27 வருடம். நானும் போனேன். வீடு இருந்த இடம் பற்றையாகிக் கிடந்தது. ஒழுங்கையை மதிப்பாகத்தான் கண்டுபிடித்தேன். கம்மாலை இருந்த மூலையில் கூரையில்லை, குற்றியில்லை, பட்டடையில்லை, கல்தொட்டியின் ஒரு பக்கச் சுவர் மட்டும் இருந்தது. ஆனால் மண் கறுத்திருந்தது. சுற்றிலும் வெள்ளை மணல். அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் கறுப்பு. காலால் கிளறினேன். உலையில் உருகி இறுகிய கிட்டம். கைக்குள் அடங்கும் அளவு. தூக்கினால் அதன் அளவுக்குப் பொருந்தாத பாரம்.

அதைத்தான் இன்று கொண்டுவந்திருக்கிறேன். இந்தாருங்கள் தம்பி, முன்வரிசையில் கொடுங்கள், கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளிடமும் கொடுங்கள். அந்தச் சின்னச் சின்னத் துவாரங்களைத் தடவிப் பாருங்கள், காற்றுக் குமிழ் இருந்த இடம் அது. துருத்தி ஊதிய காற்று. அதில் கொஞ்சம் நான் இழுத்த துருத்தியின் காற்றாகவும் இருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வந்தேன். இந்தத் துறையிலே எத்தனை கம்மாலை இருந்தது? எந்த ஒழுங்கையில் இருந்தது? யார் அடித்தார்கள், யார் துருத்தி இழுத்தார்கள்? எண்பது வயது கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்களோடு அந்தப் பெயர்கள் போய்விட்டால், பிறகு அவற்றை எங்கே தேடுவது? வீட்டில் கறள் பிடித்துக் கிடக்கும் பாக்குவெட்டி, சத்தகம், பழைய கப்பல் ஆணி எதுவாயினும் இந்த வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவர ஒன்றும் இல்லாவிட்டால் பெயரையாவது கொண்டுவாருங்கள்.

வாசலடி மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் ஆசாரியப்புவின் பெயரை எழுதிவிட்டேன், முழுப்பெயர். அவர் மகளிடம் கேட்டுத்தான் எனக்கே அது தெரியவந்தது. அதன் கீழே உங்கள் ஊரின் பெயர்களை எழுதுங்கள். கிட்டத் துண்டு கடைசி வரிசைக்குப் போய் முடிந்ததும், தயவுசெய்து அதைக் கொப்பியின்மேலே வையுங்கள். கடற்காற்றுக்குத் தாள் பறக்கிறது.